யூசிங் போட்டும் நினைவகம் இறங்கவில்லை: கன்டெய்னர் தந்த ஆப்ஜெக்டை யார் டிஸ்போஸ் செய்ய வேண்டும்?

வரிசைப்பணி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே.

டாட்நெட் 8-இல் எழுதப்பட்ட ஒரு பின்னணிச் சேவையை இப்போது நான் பராமரித்து வருகிறேன். வரிசையில் வந்து சேரும் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் குறிப்பிட்ட ஆவணத்தைத் திறந்து படித்து, வேண்டிய விவரங்களைப் பிரித்துத் தரவுத்தளத்தில் எழுதுவது அதன் வேலை. ஆவணத்தைப் படிக்கும் கிளாஸை இங்கே ‘ஆவணவாசிப்பான்’ என்று வைத்துக்கொள்வோம். அதனுள் ஒரு ஃபைல்ஸ்ட்ரீமும் 1 மெகாபைட் அளவுள்ள ஒரு பைட் அரேயும் இருக்கின்றன. அது ஐடிஸ்போசபிள் இன்டர்ஃபேஸைச் செயல்படுத்துகிறது, அதாவது வளங்களை விடுவிக்கும் டிஸ்போஸ் முறை அதில் உண்டு. ஆப்ஜெக்டுகளை உருவாக்கித் தரும் கன்டெய்னரில் அது டிரான்சியன்ட் (கேட்கும் ஒவ்வொரு முறையும் புதியது) என்று பதிவாகியிருக்கிறது.

பின்னணிச் சேவை தன் கன்ஸ்ட்ரக்டரில் கன்டெய்னரிடம் ஆப்ஜெக்ட் கேட்க உதவும் ஐசர்வீஸ்புரொவைடரை வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் அதனிடம் ஓர் ஆவணவாசிப்பானைக் கேட்டு வாங்கி, யூசிங் (வேலை முடிந்ததும் டிஸ்போஸைத் தானாக அழைப்பது) போட்டுப் பயன்படுத்துகிறது. தரவுத்தளத்தில் எழுத, டிபிகான்டெக்ஸ்ட் ஆப்ஜெக்டை உருவாக்கித் தரும் ஐடிபிகான்டெக்ஸ்ட்ஃபேக்டரி இருக்கிறது. அதற்கும் யூசிங் சரியாகப் போடப்பட்டிருக்கிறது.

சிக்கல் இதுதான். திறந்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை ஏறவே இல்லை. டிஸ்போஸ் முறைக்குள் ஒரு பதிவு வரி சேர்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு செய்திக்கும் தவறாமல் அது அழைக்கப்படுகிறது. ஆனால் நினைவகம் மட்டும் படிப்படியாக ஏறி, வரம்பைத் தொட்டதும் இயங்குதளம் புராசஸை நிறுத்திவிடுகிறது. டாட்நெட்-டம்ப் (நினைவகத்தின் நகல்) எடுத்துப் பார்த்தால் பட்டியலில் முதலிடம் பைட் அரேக்களுக்கு. அவற்றின் எண்ணிக்கையும் அதுவரை கையாண்ட செய்திகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன.

டிஸ்போஸ் ஆன ஆப்ஜெக்டை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது யார்? கூடவே இன்னொரு கேள்வி: கன்டெய்னர் கொடுத்த ஆப்ஜெக்டுக்கு நாமே யூசிங் போடுவது முறைதானா? “கன்டெய்னர் பார்த்துக்கொள்ளும், தொடாதே” என்று சிலர் எழுதுகிறார்கள்; “எதையும் நம்பாதே, நீயே மூடு” என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். இரண்டில் எதைப் பின்பற்றுவது?

கூர்நோக்கு

ஆவணவாசிப்பானுக்கு ஒரு ஃபைனலைசர் (குப்பைச் சேகரிப்பான் ஆப்ஜெக்டை அகற்றும் முன் ஓடும் முறை) எழுதி, அதற்குள் பைட் அரேயை நல் ஆக்கிவிடுங்கள். குறிப்பிட்ட அளவு செய்திகளுக்கு ஒருமுறை ஜிசி.கலெக்ட் அழைத்துக் குப்பைச் சேகரிப்பானை ஓட்டினால் நினைவகம் இறங்கும் என்று நினைக்கிறேன். 85,000 பைட்டுக்கு மேற்பட்ட அரேக்கள் பெரிய ஆப்ஜெக்டுகளுக்கான தனி ஹீப்புக்கு (நினைவகப் பகுதிக்கு) போகும். இரண்டாம் தலைமுறைச் சேகரிப்பின்போதுதான் அங்கே சுத்தம் செய்யப்படும். அதனால் தாமதமாகத் தெரியலாம்.

வேர்த்தடம்

கூர்நோக்கு சொன்ன பெரிய ஹீப் பற்றிய தகவல் சரி. ஆனால் அந்த மருந்து இந்த நோய்க்குப் பலிக்காது. யாரும் பிடித்திராத ஆப்ஜெக்டைத்தான் குப்பைச் சேகரிப்பான் தூக்கும்; ஃபைனலைசர் ஓடுவதும் அப்போதுதான். இங்கே அந்த ஆப்ஜெக்டுகளை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எத்தனை முறை கலெக்ட் அழைத்தாலும் ஃபைனலைசரின் முறை வரவே வராது.

பிடித்துக்கொண்டிருப்பவர் கன்டெய்னர். உங்கள் கையில் டம்ப் இருப்பதால் நீங்களே பார்த்துவிடலாம். பைட் அரேக்களில் ஏதாவது ஒன்றின் முகவரியை எடுத்து அதை யார் பிடித்திருக்கிறார் என்று காட்டும் ஜிசிரூட் கட்டளையைக் கொடுங்கள். சங்கிலியில் ஆவணவாசிப்பான், அதற்கு மேலே ஓர் ஆப்ஜெக்ட் அரே, அதற்கு மேலே ஒரு லிஸ்ட், அதற்கும் மேலே ‘சர்வீஸ்புரொவைடர்எஞ்சின்ஸ்கோப்’ என்ற பெயர் வரும். அந்த லிஸ்ட்தான் குற்றவாளி என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் அது தனக்கிட்ட வேலையைத்தான் செய்கிறது. என்ன வேலை என்று விவரமாகச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

மைக்ரோசாஃப்டின் கன்டெய்னர் ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கியவுடன், அது ஐடிஸ்போசபிளா அல்லது ஐஅசிங்க்டிஸ்போசபிளா என்று சோதிக்கிறது. நீங்கள் எந்த இன்டர்ஃபேஸின் பெயரில் பதிவு செய்தீர்கள் என்பது அதற்குப் பொருட்டில்லை. கையில் இருக்கும் ஆப்ஜெக்டின் உண்மையான வகையைத்தான் பார்க்கிறது. ஆம் என்றால், எந்த ஸ்கோப்பிலிருந்து (ஆயுள் எல்லையிலிருந்து) அந்த ஆப்ஜெக்ட் கேட்கப்பட்டதோ அந்த ஸ்கோப்பின் லிஸ்டில் அதைச் சேர்த்துவிடுகிறது. சிங்கிள்டன் (நிரல் முழுவதற்கும் ஒரே ஆப்ஜெக்ட்) மட்டும் எங்கிருந்து கேட்டாலும் எல்லாவற்றுக்கும் மேலான வேர் ஸ்கோப்பின் லிஸ்டுக்குப் போகும். பிறகு ஒரு நாள் அந்த ஸ்கோப் மூடப்படும்போது, லிஸ்டைக் கடைசியிலிருந்து முதலை நோக்கி நடந்து ஒவ்வொன்றையும் டிஸ்போஸ் செய்கிறது. பின்னால் பிறந்தது முன்னால் பிறந்ததைச் சார்ந்திருக்கக்கூடும் என்பதால்தான் இந்தத் தலைகீழ் வரிசை. சார்ந்து நிற்பது முதலில் போக வேண்டும், தாங்கி நிற்பது பிறகு.

இப்போது உங்கள் நிரலுக்கு வாருங்கள். பின்னணிச் சேவை ஒரு சிங்கிள்டன். சிங்கிள்டனுக்குக் கிடைக்கும் ஐசர்வீஸ்புரொவைடர் வேர் ஸ்கோப்புக்கு உரியது. வேர் ஸ்கோப் மூடப்படுவது நிரல் நிற்கும்போதுதான். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் நீங்கள் வாங்கும் ஆவணவாசிப்பான் வேரின் லிஸ்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் யூசிங் போட்டதால் அதன் கோப்பு மூடப்பட்டது, அதோடு சரி. “நான் டிஸ்போஸ் செய்துவிட்டேன், லிஸ்டிலிருந்து எடுத்துவிடு” என்று கன்டெய்னருக்குச் சொல்ல இந்த நூலகத்தில் வழியே கிடையாது. எனவே 1 மெகாபைட் அரேயைச் சுமந்துகொண்டு ஆப்ஜெக்ட் அங்கேயே இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது, யூசிங் இந்தக் கசிவை மறைத்துவிட்டது என்பதுதான். இதே இடத்தில் ஒரு எஸ்க்யூஎல் இணைப்பு யூசிங் இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? எஸ்க்யூஎல் சர்வருக்கான இணைப்புக் குளத்தின் இயல்பான உச்ச வரம்பு 100. அது தீர்ந்ததும் அடுத்த இணைப்புக் கோரிக்கை இயல்பாக 15 விநாடி காத்திருந்து, குளத்தில் இடம் கிடைக்கவில்லை என்ற பிழையோடு விழுந்திருக்கும். சோதனைச் சூழலிலேயே பிடிபட்டிருக்கும். நினைவகக் கசிவோ மெதுவாக ஏறி, யாரும் பார்க்காத நேரத்தில் புராசஸைச் சாய்க்கிறது.

வளர்ச்சிச் சூழலில் ஸ்கோப் சரிபார்ப்பு இயல்பாகவே இயங்குகிறதே, அது ஏன் எச்சரிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஸ்கோப்ட் சேவையை (ஸ்கோப்புக்கு ஒன்று என்று பதிவானதை) வேரிலிருந்து கேட்டாலோ, சிங்கிள்டனுக்குள் ஸ்கோப்ட் சேவை சிக்கிக்கொண்டாலோ மட்டும்தான் அது கத்தும். டிரான்சியன்ட் சேவையை வேரிலிருந்து கேட்பதை அது குற்றமாக எண்ணுவதில்லை. இந்த இடைவெளியில்தான் பலர் விழுகிறார்கள்.

தீர்வு: பின்னணிச் சேவையில் ஐசர்வீஸ்புரொவைடருக்குப் பதில் ஐசர்வீஸ்ஸ்கோப்ஃபேக்டரியை வாங்குங்கள். ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் ‘கிரியேட்அசிங்க்ஸ்கோப்’ அழைத்து, அதற்கு அவெயிட் யூசிங் போடுங்கள். ஆவணவாசிப்பானை அந்த ஸ்கோப்பின் புரொவைடரிடம் கேளுங்கள். அதற்கென்று தனியாக யூசிங் வேண்டாம். செய்தி முடிந்ததும் ஸ்கோப் மூடும், லிஸ்ட் காலியாகும், எல்லாம் ஒன்றாகப் போய்விடும். சாதாரண யூசிங் போடாமல் அவெயிட் யூசிங் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐஅசிங்க்டிஸ்போசபிளை மட்டும் செயல்படுத்தும் ஓர் ஆப்ஜெக்ட் லிஸ்டில் இருந்து, நீங்கள் ஸ்கோப்பை ஒத்தியங்கு முறையில் (சாதாரண யூசிங்கால்) மூடினால், கன்டெய்னர் ‘இன்வேலிட்ஆபரேஷன்எக்ஸெப்ஷன்’ எறியும். இன்று உங்களிடம் அப்படி ஒரு கிளாஸ் இல்லாமல் இருக்கலாம். நாளை யாராவது ஒரு நூலகத்தைச் சேர்ப்பார். கிரியேட்அசிங்க்ஸ்கோப் டாட்நெட் 6-இல், 2021-இல் வந்தது. அதனால் உங்களுக்குத் தடை ஒன்றுமில்லை.

இனி இரண்டாவது கேள்வி. “தொடாதே” என்பவரும் “நீயே மூடு” என்பவரும் பாதி பாதி சரி. உருவாக்கியவருக்கே மூடும் பொறுப்பு. மற்றவர் பயன்படுத்தலாம், மூடக் கூடாது. கன்ஸ்ட்ரக்டர் வழியாக உங்களிடம் வந்த ஆப்ஜெக்ட் இரவல். அதே ஆப்ஜெக்டை இன்னொருவரும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். அது உங்களுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. மாறாக, ஐடிபிகான்டெக்ஸ்ட்ஃபேக்டரியிடம் நீங்கள் வாங்கும் டிபிகான்டெக்ஸ்ட் உங்களுடையது. அதைக் கன்டெய்னர் கவனிப்பதில்லை. நீங்கள்தான் மூட வேண்டும். அங்கே யூசிங் போட்டிருப்பது முற்றிலும் சரி, அதை எடுத்துவிடாதீர்கள்.

இதே காரணத்தால், பதிவு செய்யும் விதத்திலும் வேறுபாடு வருகிறது. சிங்கிள்டனாகப் பதிவு செய்யும் ஆட்சிங்கிள்டனுக்கு நீங்களே நியூ போட்டு உருவாக்கிய ஆப்ஜெக்டைக் கொடுத்தால், மைக்ரோசாஃப்ட் கன்டெய்னர் அதை டிஸ்போஸ் செய்யாது. அதே நியூவை ஒரு லாம்ப்டாவுக்குள் (பெயரில்லாச் சிறு செயற்கூறுக்குள்) வைத்து ஃபேக்டரியாகக் கொடுத்தால், கன்டெய்னர் அதைத் தன் குழந்தையாக ஏற்று டிஸ்போஸ் செய்யும். நிரலைப் பார்த்தால் இரண்டு வரிகளும் இரட்டையர்கள் போலத் தெரியும். ஆயுட்காலத்தில் அவற்றுக்கு இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு.

என் கருத்தை அழுத்தமாகவே சொல்லிவிடுகிறேன்: டிரான்சியன்டும் ஐடிஸ்போசபிளும் ஒரே கிளாஸில் சேரக் கூடாது. உங்கள் ஆவணவாசிப்பானை நான் கன்டெய்னரிலேயே பதிவு செய்யமாட்டேன். ‘ஆவணவாசிப்பான்ஃபேக்டரி’ என்று ஒரு சிங்கிள்டனை எழுதி, அதன் ‘திற’ முறை கோப்பின் பாதையை வாங்கி, நியூ போட்டுத் திருப்பித் தரும்படி செய்வேன். அப்போது அழைப்பவர் யூசிங் போடுவது முறையானது, போதுமானதும்கூட. கன்ஸ்ட்ரக்டரில் நிறைய சார்புகள் இருந்தால் ‘ஆக்டிவேட்டர்யுட்டிலிட்டீஸ்.கிரியேட்இன்ஸ்டன்ஸ்’ உதவும். அது உருவாக்கும் ஆப்ஜெக்ட் எந்த லிஸ்டிலும் சேராது. ஆனால் ஒரு நுணுக்கம்: அந்த ஆப்ஜெக்டுக்காகக் கன்டெய்னர் உருவாக்கித் தரும் சார்புகள், டிஸ்போஸ் செய்யத்தக்கவையாக இருந்தால், நீங்கள் கொடுத்த புரொவைடரின் லிஸ்டில் சேரும். வேர் புரொவைடரைக் கொடுத்தால் பழைய கதை மீண்டும் தொடங்கும்.

கடைசியாக ஃபைனலைசர் பற்றி. ஃபைல்ஸ்ட்ரீம், டைமர், கேன்சலேஷன்டோக்கன்சோர்ஸ், நிகழ்வுச் சந்தா ஆகியவை எல்லாம் மேலாண்மைக்கு உட்பட்ட வளங்கள். இவற்றை வைத்திருக்கும் கிளாஸுக்கு ஃபைனலைசர் வேண்டாம். ஃபைனலைசர் ஓடும் நேரத்தில் உள்ளே இருக்கும் ஃபைல்ஸ்ட்ரீமின் ஃபைனலைசர் ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கலாம். வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. டிஸ்போஸ் முறைக்கு பூலியன் அளவுரு வைத்து எழுதும் பழைய வடிவத்தில், “உண்மை என்றால் மட்டும் மேலாண்மை வளங்களைத் தொடு” என்று இருப்பது இதற்காகத்தான். இயங்குதளத்தின் கைப்பிடியை நேரடியாக வைத்திருந்தால் கைப்பிடியைத் தானே மூடும் சேஃப்ஹேண்டிலுக்குள் போட்டுவிடுங்கள். கிளாஸை சீல்ட் ஆக்கி (அதிலிருந்து வேறு கிளாஸ் கிளைக்காதபடி), ஒரு சாதாரண டிஸ்போஸ் எழுதினால் போதும். ஃபைனலைசர் உள்ள ஆப்ஜெக்ட், டிஸ்போஸ் விடுபட்டுப்போனால், முதல் சேகரிப்பில் தப்பித்து அடுத்த தலைமுறைக்கு நகர்ந்துவிடும். அதாவது நினைவகத்தை இறக்குவதற்கு எழுதியது அதை நீட்டித்து வைக்கும்.

கூர்நோக்கு

தெளிவாகப் புரிந்தது, நன்றி. எட்டக்கூடிய ஆப்ஜெக்டுக்கு ஃபைனலைசர் ஓடாது என்பதை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. வரிசைப்பணி, என் பதிலை விட்டுவிடுங்கள்.

வரிசைப்பணி

ஜிசிரூட் கொடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன சங்கிலி அப்படியே வந்தது: எஞ்சின்ஸ்கோப், லிஸ்ட், ஆப்ஜெக்ட் அரே, ஆவணவாசிப்பான். மிக்க நன்றி ஐயா.

செய்திக்கு ஒரு ஸ்கோப் என்று மாற்றினேன். நினைவகம் ஏறுவது நின்றது. ஆனால் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. முதல் செய்தி ஒழுங்காக முடிகிறது. இரண்டாவது செய்தியில் சேமிப்பகத்தைத் தொட்டவுடன் ‘ஆப்ஜெக்ட்டிஸ்போஸ்ட்எக்ஸெப்ஷன்’ வருகிறது. டிஸ்போஸ் ஆனதாகச் சொல்லப்படுவது ‘சேமிப்பகக்கிளையன்ட்’ என்ற கிளாஸ். அது சிங்கிள்டன்! நிரல் நிற்கும்வரை வாழ வேண்டிய ஆப்ஜெக்ட், முதல் செய்தியோடு ஏன் இறக்கிறது?

பதிவு இப்படி இருக்கிறது. சேமிப்பகக்கிளையன்ட் தன் சொந்தப் பெயரில் ஆட்சிங்கிள்டன் ஆகப் பதிவாகியிருக்கிறது. அது ‘படிப்பவர்’, ‘எழுதுபவர்’ என்று இரண்டு இன்டர்ஃபேஸ்களைச் செயல்படுத்துகிறது. இரண்டும் ஆட்டிரான்சியன்ட் ஆக, “புரொவைடரிடம் சேமிப்பகக்கிளையன்டைக் கேட்டுத் திருப்பிக் கொடு” என்ற லாம்ப்டாவோடு பதிவாகியிருக்கின்றன. எப்படிக் கேட்டாலும் ஒரே ஆப்ஜெக்ட்தானே வரும் என்பது எழுதியவரின் எண்ணமாக இருந்திருக்க வேண்டும். என் கண்ணுக்கும் இதில் பிழை தெரியவில்லை.

வேர்த்தடம்

பிழை அந்த லாம்ப்டாக்களில் இருக்கிறது. பழைய நிரலிலும் அது இருந்தது. வேர் ஸ்கோப் மூடப்படாததால் வெளியே தெரியவில்லை.

ஃபேக்டரி திருப்பித் தரும் ஆப்ஜெக்ட் புதிதாகப் பிறந்ததா, ஏற்கெனவே இருந்ததா என்று கண்டுபிடிக்கக் கன்டெய்னருக்கு எந்த வழியும் இல்லை. ஃபேக்டரியிலிருந்து வந்ததால் தன் பொறுப்பு என்றே எடுத்துக்கொள்கிறது. ‘எழுதுபவர்’ டிரான்சியன்ட் என்று பதிவாகியிருப்பதால், அது கேட்கப்பட்ட ஸ்கோப்பின் லிஸ்டில் சேர்க்கிறது. முன்பு அந்த ஸ்கோப் வேர். சேமிப்பகக்கிளையன்ட் என்ற ஒரே ஆப்ஜெக்ட், ஒவ்வொரு செய்திக்கும் திரும்பத் திரும்ப வேரின் லிஸ்டில் சேர்ந்துகொண்டிருந்தது. இப்போது ஸ்கோப் ஒரு செய்திக்கு உரியது. செய்தி முடிந்ததும் ஸ்கோப் மூடுகிறது. லிஸ்டில் இருந்த சிங்கிள்டனையும் சேர்த்து டிஸ்போஸ் செய்துவிடுகிறது. வேர் ஸ்கோப் அதை உயிருள்ள ஆப்ஜெக்ட் என்று நம்பி அடுத்த செய்திக்கும் அதையே எடுத்துக் கொடுக்கிறது.

இரண்டு இன்டர்ஃபேஸ்களின் பதிவையும் ஆட்சிங்கிள்டன் ஆக மாற்றுங்கள். லாம்ப்டா அப்படியே இருக்கட்டும். முன்னோக்கி அனுப்பும் பதிவின் ஆயுட்காலமும் அது சுட்டும் ஆப்ஜெக்டின் ஆயுட்காலமும் ஒன்றாக இருக்க வேண்டும்.  இப்படி மாற்றிய பிறகும் அந்த ஆப்ஜெக்ட் வேரின் லிஸ்டில் மூன்று இடங்களில் இருக்கும்: சொந்தப் பெயருக்கு ஒன்று, இன்டர்ஃபேஸ்களுக்கு இரண்டு. நிரல் நிற்கும்போது டிஸ்போஸ் மூன்று முறை அழைக்கப்படும். அதனால் சேமிப்பகக்கிளையன்டின் டிஸ்போஸ் முறையைத் திறந்து பாருங்கள். எத்தனை முறை அழைத்தாலும் பிழை எறியாமல் இருப்பது டிஸ்போஸுக்கு டாட்நெட் விதித்திருக்கும் கடமை. ‘ஏற்கெனவே மூடியாகிவிட்டது’ என்று ஒரு பூலியன் வைத்து, இரண்டாம் முறை உடனே திரும்பிவிட்டால் போதும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். படிப்பவர், எழுதுபவர் ஆகிய இன்டர்ஃபேஸ்களில் எதுவாவது ஐடிஸ்போசபிளிலிருந்து கிளைத்திருக்கிறதா? இருந்தால் வெட்டிவிடுங்கள். டிஸ்போஸ் என்பது செயல்படுத்தும் கிளாஸின் சொந்த விவகாரம். கோப்பில் எழுதும் ஒரு செயலாக்கத்துக்கு அது தேவைப்படும். நினைவகத்தில் எழுதும் சோதனைச் செயலாக்கத்துக்குத் தேவைப்படாது. இன்டர்ஃபேஸில் டிஸ்போஸ் தெரிந்தால், பயன்படுத்துபவர் யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு யூசிங் போடுவார். அன்று எல்லோருடைய சிங்கிள்டனும் போய்விடும். கையில் கொடுக்காத கத்தரிக்கோலால் யாரும் வெட்ட முடியாது.

ஜாவாப்பக்கம்

நான் ஜாவாவின் ஸ்பிரிங் பக்கத்திலிருந்து வருகிறேன். இந்த இழையைப் படித்தபோது, இதே பெயருள்ள பிரச்சினைக்கு அங்கே நேர் எதிரான விதி இருப்பதைச் சொல்லத் தோன்றியது. இரண்டு பக்கமும் வேலை செய்பவர்களுக்கு உதவும்.

டாட்நெட்டின் டிரான்சியன்டுக்கு இணையாக ஸ்பிரிங்கில் இருப்பது புரோட்டோடைப் ஸ்கோப். புரோட்டோடைப் பீனை (ஸ்பிரிங் உருவாக்கும் ஆப்ஜெக்டை) உருவாக்கி, சார்புகளைப் பொருத்தி, தொடக்க முறைகளை அழைத்து, உங்களிடம் கொடுத்துவிட்டு, ஸ்பிரிங் அதை மறந்துவிடும். எந்த லிஸ்டிலும் வைத்துக்கொள்ளாது. ஆகவே நினைவகம் இந்த வழியில் கசியாது. ஆனால் அந்த பீனில் பிரீடெஸ்ட்ராய் குறிப்போடு நீங்கள் எழுதிய முறை ஒருபோதும் அழைக்கப்படாது. கோப்போ இணைப்போ அதற்குள் இருந்தால், வாங்கியவர்தான் மூட வேண்டும். டாட்நெட்டில் ஆப்ஜெக்டுகள் கசிகின்றன, ஸ்பிரிங்கில் கைப்பிடிகள் கசிகின்றன.

சிங்கிள்டன் பீன்களுக்கு ஸ்பிரிங் முழுப் பொறுப்பு ஏற்கும். ஜாவா கான்ஃபிகரேஷனில் பீன் குறிப்போடு ஓர் ஆப்ஜெக்டைக் கொடுத்தால், அதில் குளோஸ் அல்லது ஷட்டவுன் என்ற பொது முறை இருக்கிறதா என்று அதுவே தேடி, கான்டெக்ஸ்ட் மூடும்போது அழைத்துவிடும். வசதிதான். ஆனால் ஜேஎன்டிஐ என்ற பெயர்த்தேடல் வழியாகச் சர்வரிடமிருந்து இரவலாகப் பெற்ற டேட்டாசோர்ஸையும் அது மூடிவிடக்கூடும். அந்த இடத்தில் டெஸ்ட்ராய்மெத்தடை வெற்றுச் சரமாகக் கொடுத்துத் தடுக்க வேண்டும். வேர்த்தடம் சொன்ன உரிமைச் சிக்கல் இங்கே இந்த வடிவில் வருகிறது.

கூகுளின் கைஸ் கன்டெய்னர் இன்னும் கறாரானது. மூடும் வாழ்க்கைச் சுழற்சியே அதில் கிடையாது. மூட வேண்டிய வளங்களை இன்ஜெக்ட் செய்வதைத் தவிர்க்கும்படி அதன் ஆவணமே சொல்கிறது.

வேர்த்தடம்

நல்ல ஒப்பீடு. டாட்நெட்டுக்குள்ளேயே இந்த வேறுபாடுகள் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் கன்டெய்னரை மாற்றும் குழுக்கள் இதில்தான் அடிபடுகின்றன. ஆட்டோஃபேக் என்ற கன்டெய்னரும் மைக்ரோசாஃப்டைப் போலவே டிரான்சியன்டுகளை ஸ்கோப்பில் கணக்கு வைக்கும். ஆனால் ‘ரெஜிஸ்டர்இன்ஸ்டன்ஸ்’ மூலம் நீங்கள் கொடுத்த ஆயத்த ஆப்ஜெக்டையும் அது டிஸ்போஸ் செய்யும். வேண்டாமென்றால் ‘எக்ஸ்டர்னலிஓன்ட்’ என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டின் விதிக்கு நேர் எதிர். ஆட்டோஃபேக்கில் எனக்குப் பிடித்தது ‘ஓன்ட்’ என்ற ஜெனரிக் வகை. கன்ஸ்ட்ரக்டரில் அதைக் கேட்டால், ஆப்ஜெக்டும் அதற்கே உரிய ஒரு சிறு ஸ்கோப்பும் சேர்ந்து வரும். மூடும் உரிமை உங்களுடையது என்பது வகையின் பெயரிலேயே எழுதியிருக்கும். காஸில் வின்ட்ஸர் கன்டெய்னரில் ரிசால்வ் செய்ததை (கேட்டு வாங்கியதை) ரிலீஸ் செய்வது உங்கள் கடமை. சிம்பிள் இன்ஜெக்டர் டிரான்சியன்டுகளைக் கணக்கு வைப்பதே இல்லை. டிஸ்போஸ் செய்யத்தக்க டிரான்சியன்டைப் பதிவு செய்தால் சரிபார்ப்பின்போதே எச்சரிக்கை கொடுத்துவிடும். நான் முன்பு சொன்ன கருத்தை அது விதியாகவே வைத்திருக்கிறது. அதற்காக அந்த நூலகத்தின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

வரிசைப்பணி

இரண்டு பதிவுகளையும் ஆட்சிங்கிள்டன் ஆக மாற்றியதும் அந்தப் பிழை போய்விட்டது. சேமிப்பகக்கிளையன்டின் டிஸ்போஸில் பூலியன் இல்லை, இப்போது சேர்த்திருக்கிறேன். ‘எழுதுபவர்’ ஐடிஸ்போசபிளிலிருந்து கிளைத்துத்தான் இருந்தது. அதையும் வெட்டினேன். கம்பைல் செய்தபோது ஓரிடத்தில் பிழை வந்தது: யாரோ ஏற்கெனவே அதற்கு யூசிங் போட்டு வைத்திருந்தார்கள்.

ஆவணவாசிப்பானையும் நீங்கள் சொன்னபடி ஃபேக்டரிக்கு நகர்த்தினேன். நினைவகக் கோடு இப்போது கிடையாக ஓடுகிறது.

இரண்டு விஷயங்கள் மட்டும் மீதி. இதே தவறு மீண்டும் நுழையாமல் இருக்க ஒரு சோதனை எழுத முடியுமா? மேலும், எங்கள் நிரலில் ஒரு சிங்கிள்டன் கிளாஸ், சேர்த்து வைத்த புள்ளிவிவரங்களைத் தன் டிஸ்போஸ் முறைக்குள் தரவுத்தளத்தில் எழுதுகிறது. அது சரியா?

வேர்த்தடம்

சோதனை எழுதலாம், எழுதவும் வேண்டும். சர்வீஸ்கலெக்‌ஷன் என்பது பதிவுக் குறிப்புகளின் பட்டியல்தான். கன்டெய்னரைக் கட்டுவதற்கு முன் அதன் மேல் ஒரு சுற்று போங்கள். ஆயுட்காலம் டிரான்சியன்ட் ஆகவும், ‘இம்ப்ளிமென்டேஷன்டைப்’ ஐடிஸ்போசபிள் அல்லது ஐஅசிங்க்டிஸ்போசபிளைச் செயல்படுத்துவதாகவும் இருக்கும் குறிப்புகளைத் திரட்டி, பட்டியல் காலியாக இல்லையென்றால் சோதனையைத் தோற்கடியுங்கள். உங்கள் சொந்த நேம்ஸ்பேஸில் உள்ளவற்றை மட்டும் வடிகட்டிக்கொள்ளுங்கள். நூலகங்கள் பதிவு செய்பவற்றை நீங்கள் திருத்த முடியாது. லாம்ப்டா மூலம் பதிவானவற்றுக்கு இம்ப்ளிமென்டேஷன்டைப் நல் ஆக இருக்கும், ஆகவே அவை இந்த வலையில் சிக்காது. உங்களைக் கடித்த பாம்பு அந்த வகைதான். எனவே லாம்ப்டாவோடு டிரான்சியன்ட் அல்லது ஸ்கோப்ட் ஆகப் பதிவானவற்றைத் தனியாக ஒரு பட்டியலாக எடுத்து, அனுமதித்த பெயர்களோடு ஒப்பிடுங்கள். புதிதாக ஒன்று சேர்ந்தால் சோதனை தோற்கும். சேர்ப்பவர் அந்த லாம்ப்டாவைத் திறந்து, உள்ளே நியூ இருக்கிறதா, வேறொன்றைக் கேட்டுத் திருப்பித் தருகிறதா என்று பார்த்த பிறகு பெயரை அனுமதிப் பட்டியலில் சேர்க்கட்டும்.

ஸ்கோப் சரிபார்ப்பை உற்பத்திச் சூழலிலும் போட்டு வைப்பது என் வழக்கம். வளர்ச்சிச் சூழலில் மட்டும் பிடிபடும் பிழை, வேறு கான்ஃபிகரேஷனில் வேறு பதிவுகளோடு ஓடும் இடத்தில் தப்பித்துவிடுகிறது.

புள்ளிவிவரத்தை டிஸ்போஸில் எழுதுவது கூடாது. புராசஸ் வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டால் டிஸ்போஸ் அழைக்கப்படாது. உங்கள் சேவை நினைவக வரம்பைத் தொட்டு நிறுத்தப்பட்ட ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளிவிவரங்கள் தொலைந்திருக்கும். ஒழுங்காக நிற்கும்போதும் தொல்லை உண்டு: டிஸ்போஸ் ஒத்தியங்கு முறை, அதற்குள் பிணையத்துக்காகக் காத்திருக்க வேண்டும், பிழை வந்தால் கையாள நல்ல இடமும் இல்லை. எழுதும் வேலையை ஒரு ஹோஸ்டட் சேவையின் (நிரலை இயக்கும் ஹோஸ்ட் தொடங்கி நிறுத்தும் சேவையின்) ‘ஸ்டாப்அசிங்க்’ முறைக்கு நகர்த்துங்கள். ஹோஸ்ட் நிற்கும்போது ஸ்டாப்அசிங்க் முறைகள்தான் முதலில் ஓடும்; கன்டெய்னர் அதற்குப் பிறகே மூடப்படும். அந்த நேரத்தில் தரவுத்தள இணைப்பு, பதிவேடு எல்லாம் உயிரோடு இருக்கும். மொத்தமாகக் கிடைக்கும் அவகாசம் டாட்நெட் 6 முதல் இயல்பாக 30 விநாடி. போதாதென்றால் ஹோஸ்ட்ஆப்ஷன்ஸில் கூட்டிக்கொள்ளலாம். அதோடு, இடைவெளி விட்டு அவ்வப்போதும் எழுதிவிடுங்கள். அப்போது திடீரென்று நின்றாலும் கடைசி இடைவெளியில் சேர்ந்தது மட்டும்தான் போகும்.

வரிசைப்பணி

சோதனையை எழுதி ஓட்டினேன். டிரான்சியன்ட் பட்டியலில் இன்னும் ஒரு கிளாஸ் சிக்கியது. ஒரு சிங்கிள்டனின் நிகழ்வுக்குச் சந்தா செலுத்தி, டிஸ்போஸில் விலகும் கிளாஸ் அது. ஸ்கோப்ட் ஆக மாற்றியிருக்கிறேன். லாம்ப்டாக்களின் அனுமதிப் பட்டியலைக் குழுவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். புள்ளிவிவரம் எழுதுவது ஸ்டாப்அசிங்க்குக்குப் போய்விட்டது. வேர்த்தடம் ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. கேள்வி தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.